நாலரை மணிக்குச் சூரியன் இல்லை

இன்று ஒரு வீட்டில் திரைச்சீலையை இழுத்தேன். வளையங்கள் கம்பியில் உரசின. உங்கள் அறையில் கேட்ட அதே சத்தம். கை பாதியில் நின்றது. கட்டிலில் கிடந்த மூதாட்டி, "குளிர்கிறது, மூடு" என்றார். மூடினேன். உங்கள் மேல் வந்த கோபம் பஸ் ஏறிய பிறகும் தணியவில்லை.

செத்தவரோடு கோபிப்பது அழகில்லை. தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

லண்டனில், கோல்டர்ஸ் கிரீன் வீட்டில், உங்களைப் பராமரிக்க நாளுக்கு இரண்டு தரம் ஆள் வரும். காலை எட்டு மணிக்கு ஒரு பெண். மாலை நாலரைக்கு நான். உங்களைக் கழுவி, இடுப்பில் கட்டிய நப்பியை மாற்றி, நாற்காலியில் இருத்தி, தேநீர் கொடுக்க அரை மணி நேரம். நகரக் கவுன்சில் காசு தந்தது அவ்வளவு நேரத்துக்குத்தான்.

உங்களுக்கு வேறு ஒரு நேரம் இருந்தது. மின்ஹா என்று நீங்கள் சொன்ன, யூதர்களின் பிற்பகல் ஜெபம். சூரியன் மறைவதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். சூரியன் மறையும் நிமிடத்தை நாள்வாரியாக அச்சடித்த தாள் ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஜனவரித் தொடக்கத்தில் நாலு மணி, சில நிமிடம். அழுக்கான உடம்போடு ஜெபிக்கக் கூடாது. மதியத்துக்குள் நீங்கள் அழுக்காகிவிடுவீர்கள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள். நான் வரும்போது தெருவிளக்கு எரியும்.

"நட்சத்திரம் தெரியும்வரை சொல்லலாம் என்பவர்களும் இருக்கிறார்கள்," என்றீர்கள் முதல் நாள், நான் உங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது. "லண்டனில் எங்கே நட்சத்திரம் தெரிகிறது? அப்படிப் பார்த்தால் போன வருஷத்து ஜெபத்தைக்கூட இன்றைக்குச் சொல்லலாம்."

சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"என் அப்பா ஒரு நாளும் அந்தச் சலுகையை எடுத்ததில்லை."

உங்கள் யூத ஆலயச் சபையில் யாரையாவது உதவிக்குக் கேட்கலாமே என்றேன்.

"பதினெட்டு வருஷமாக அவர்களோடு பேச்சில்லை. சமாதானம் பேச என் பின்பக்கத்தையா அனுப்புவது? நீ போதும்."

என்னை வீடுகளுக்கு அனுப்பும் ஏஜென்சியில் ஷிப்ட் போடுகிறவரிடம் போனேன். யாழ்ப்பாணத்தார். ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்தவர்.

"அண்ணை, ஒரு மணித்தியாலம் முந்திப் போகட்டோ? மூண்டரைக்கு."

"ஏன், மருந்தோ?"

"இல்லை. பிரேயர்."

பேனாவை மேசையில் வைத்தார். "தம்பி, ஊரில சனம் செத்துக்கொண்டிருக்கு. உன்ர சித்தியும் அங்கதானே. உனக்குக் கிழவன்ர தேவாரம் பெரிசாப் போச்சோ? ஏலாது."

வன்னியில் போர் உச்சத்தில் இருந்த அந்த ஜனவரியில் அந்தப் பேச்சுக்கு எதிரே யாரும் வாய் திறக்க முடியாது. அவருக்கும் அது தெரியும். என் சித்தி அந்த வன்னிக்குள்தான் இருந்தாள். அவளைக் கொண்டு என் வாயை அடைத்தார். ஒரு ஷிப்ட் அட்டவணைக்காக. நான் குடியிருக்கும் மோர்டன் வரைக்கும் ரயிலில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் அதைச் செய்தேன்.

நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். திரைச்சீலையை இழுத்து மூடினேன். சுவர் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்பினேன். பிறகு எழுப்பினேன்.

"இன்றைக்கு முந்தி வந்துவிட்டேன்."

மணிக்கூட்டைப் பார்த்தீர்கள். கழுவும்போது என்னை அவசரப்படுத்தவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து இருந்து, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக ஜெபித்தீர்கள். தேநீர் ஊற்றும்போது எனக்கு என்னை நினைத்துப் பெருமை. போகும்போது மணிக்கூட்டைத் திருப்பி வைக்க வழியில்லை. நீங்கள் விழித்திருந்தீர்கள்.

காலையில் வந்த பெண் மணிக்கூடு பிழை என்று சொல்லியிருக்கிறாள்.

மாலை நான் கோட்டைக் கழற்றவில்லை. அதற்குள் கேட்டீர்கள். "என்ன செய்தாய் தெரியுமா?"

தெரியவில்லை.

"என் பிழை இல்லாமல் பிற்பகல் ஜெபம் தவறினால், அன்று இரவு ஜெபத்தை இரண்டு தரம் சொல்வேன். இரண்டாவது அதற்கு ஈடு. இந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான். நேற்று உன்னை நம்பி ஒரு தரம் சொல்லிவிட்டுத் தூங்கினேன். அந்த இரவு போய்விட்டது. இனி ஈடு இல்லை."

"இப்படி ஒரு வழி இருக்கிறதென்று ஏன் சொல்லவில்லை?" கத்தினேன் என்று நினைக்கிறேன்.

"நீ எங்கே கேட்டாய்? பரிதாபப்பட்டாய்."

இதுதான். இந்த ஒரு சொல். அந்த ஏஜென்சிக்காரர் முன்னால் நான் உங்களுக்காகப் போய் நின்றேன். என் சித்தியை இழுத்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இரவில் உங்களிடம் ஒரு பரிகாரம் இருந்தது. அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு, என்னைப் பரிதாபப்படவும் விட்டு, அதையே குற்றமாகச் சொன்னீர்கள். நியாயமா? பதில் இல்லாத ஆளிடம் கேட்கிறேன்.

அன்றிலிருந்து நான் நுழைந்ததும் ஒரே சொல். "திற." திரைச்சீலையை முழுக்கத் திறந்து இருட்டைக் காட்டிய பிறகுதான் உடம்பைத் தொட விட்டீர்கள். ஒன்பது மாலை அப்படி. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. பத்தாம் மாலை கட்டில் காலி. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

சாவியைக் கொடுக்கப் போன நாள் ஃபிரிட்ஜில் இருந்த தாளைப் பார்த்தேன். பெப்ரவரி இரண்டாம் கிழமையில் சூரியன் மறையும் நேரம் ஐந்து மணியைத் தாண்டியிருந்தது. அதுவரை பொறுத்திருந்தால் நாலரைக்கு வந்தே கழுவி முடித்திருப்பேன். யாரையும் கெஞ்சியிருக்க வேண்டாம். மணிக்கூட்டின் ஒரு முள்ளையும் தொட்டிருக்க வேண்டாம்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வருகைப் புத்தகம் இருக்கும். எத்தனை மணிக்கு வந்தாலும் அட்டவணையில் உள்ள நேரத்தையே எழுதுவது வழக்கம். "நாலரை எண்டு போடு தம்பி, எல்லாரும் அப்பிடித்தான்," என்பார் ஷிப்ட் போடுகிறவர். உங்களுடைய புத்தகத்திலும் நான் அப்படித்தான் எழுதினேன், கடைசி நாள்வரை. இப்போது அப்படி எழுதுவதில்லை, வந்த நேரத்தையே எழுதுகிறேன். ஏஜென்சியிலிருந்து இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது.

இன்று திரைச்சீலையை மூடிய பிறகு அந்த மூதாட்டி கேட்டார். "மணி என்ன, நாலரையா?"

"இல்லை. நாலு ஐம்பத்திரண்டு. பிந்திவிட்டேன். வெளியே இருட்டு."

அப்படியே புத்தகத்திலும் எழுதினேன்.