சங்கத்து போன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

இங்கே யாராவது நோயில் படுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லியிருந்தேனே. ஊர் திரும்புகிறவர் சங்கத்து போனை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். நாற்பது பேர் இருந்தோம். நேற்று கடைசியாக வெல்டர் அண்ணனும் கிளம்பினார். "இனி தலைவர், செயலாளர் எல்லாம் நீதாம்பா" என்று சிரித்தபடி போனை என் கையில் வைத்தார். புது ஆட்களைச் சங்கத்தில் சேரக் கூப்பிட்டால், "ரெண்டு வருஷத்துல போயிடுவோம், நமக்கெதுக்குண்ணே?" என்கிறார்கள். நானும் வந்த புதிதில் அதையேதான் சொன்னேன்.

லேசான காய்ச்சல்தான், பயப்படாதீர்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்குப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். ஒரு கூத்தைக் கேளுங்கள். காலையில் எழுந்திருக்க முடியாமல், பழக்கதோஷத்தில் என் போனிலிருந்து சங்கத்து நம்பரைக் கூப்பிட்டேன். என் தலையணைக்கு அடியிலேயே மணி அடித்தது.

உங்கள் மூத்தவன்