உன் ரத்தமும் வேண்டுமாம்

உத்திரமேரூர்

மோகனுக்கு அம்மா சிட்டம்மாள் சொல்லி எழுதுவது. நீ மஸ்கட்டில் நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன கேடு. இங்கே நாங்கள் நலம் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன் போட்டால் கட் பண்ணுகிறாய், அதனால் லீவு முடிந்து அங்கே திரும்புகிற பெருமாளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவன் எதிரிலேயே படி. எனக்கு எழுத வராது, கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும், எழுதுவது உன் பெண்டாட்டி திலகா. இதெல்லாம் வேணாம் அத்தே என்கிறாள், நீ எழுதுடி என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

உன் பிள்ளை விஜய்க்குக் கழுத்தில் மறுபடியும் கட்டி. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டோம், அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம், ஒன்று ஆறினால் இன்னொன்று புறப்பட்டது. நீ போனில் என்ன சொன்னாய், புள்ளைய குளிப்பாட்டத் தெரியாத கழுதை, அவ ரத்தமே கெட்ட ரத்தம், அவ அப்பன் வூட்டுக்குத் தொரத்து என்றாய். இப்போது கேள். சென்னையில் பெரிய டாக்டரம்மா பார்த்தார், இது அழுக்கால் வந்ததே இல்லையாம். ரத்தத்தில் கிருமியைத் தின்கிற வெள்ளை அணு இவனுக்குக் கிருமியை விழுங்குகிறதாம், கொல்ல முடியவில்லையாம், பிறவியிலேயே அப்படியாம். வைக்கோல், எரு பக்கம் விடாதீர்கள், அதிலுள்ள பூஞ்சணம் நுரையீரலில் இறங்கினால் பிள்ளை தாங்காது என்றார். இவனுக்கு வந்த வகை ஆத்தாவிடம் பாதி, அப்பனிடம் பாதி சேர்ந்தால்தான் வருமாம், சொந்தத்தில் கட்டினீர்களா என்றுதான் முதலில் கேட்டார். கட்டியது யார்? தாமல் ஊரிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் திலகாவைக் கேட்டு வந்தபோது, முறைக்காரன் நான் குத்துக்கல்லாட்டம் கீறேன், எவன்டா தட்டத் தொடுறது என்று நடுவீட்டில் வெற்றிலைத் தட்டை எட்டி உதைத்தவன் நீ. அவள் என் தம்பி முனிரத்தினம் மகள். என் அப்பன் ரத்தம்தான் என் வழியாக உனக்கும் என் தம்பி வழியாக அவளுக்கும் ஓடுகிறது. அவளுடையது கெட்ட ரத்தம் என்றால் உன்னுடையது என்ன பன்னீரா?

எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிள்ளை பிழைக்க வழி இருக்கிறதாம். பொருத்தம் பார்க்கத் திலகாவுக்கு ரத்தம் எடுத்தாயிற்று, உன்னுடையதும் வேண்டுமாம், அப்பன் எங்கே என்கிறார்கள். ஓவர்டைம் பண்ணிக்கினு கீறான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உடனே கிளம்பி வா. வராவிட்டாலும் திலகா இந்த வீட்டில்தான் இருப்பாள், நீதான் வேறு வீடு தேட வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் நிற்காதே. உனக்குப் புத்தி கொடு என்று பச்சையம்மனைக் கேட்டேன். ஆயுசு கேட்கவில்லை, அதை என் பேரனுக்குக் கேட்டுவிட்டேன்.

உன்னைப் பெற்றவளும் அவள் அத்தையுமான
சிட்டம்மாள்