வாய்க்கு ஒரு சொம்பு

நிலா, வடமேட்டு வீடு. நாள் 163. காலை 7.10
காற்றழுத்தம் சரி. வெப்பம் 22 பாகை. குடிநீர் 31 லிட்டர். எழுதுவது சங்கரபாண்டியன், பாறை ஆய்வாளன். கூட இருந்த மூவரும் பனிக்கட்டி தோண்டத் தெற்கு முகாமுக்குப் போய் இருபத்தைந்து நாளாகிறது. திரும்ப இன்னும் ஆறு நாள். சமையலறைத் தொட்டியில் அழுகிய முட்டை வாடை. முட்டையைக் கண்ணால் பார்த்தே ஐந்து மாசமாகிறது.

நாள் 163. மாலை 4.30
தொட்டி ஓட்டையில் சோடா உப்பைக் கொட்டி வினிகர் ஊற்றினேன். நன்றாகப் பொங்கியது. எலுமிச்சைத் தூளும் தூவினேன். பத்து நிமிடம் கல்யாண வீடு போல மணம். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

நாள் 164. காலை 8.00
குளியலறையிலும் வாடை. தலைவலி. கழிவுத் தொட்டியின் வாயுவை வெளியே தள்ளும் விசிறி நின்றுபோயிருக்கிறது. அது தரைக்கடியில் இருக்கிறது. கழற்ற இரண்டு ஆள் வேண்டும். இருப்பது நான் ஒருவன்.

பூமியில் இருக்கும் மனைவி சுந்தரவல்லியிடம் வானொலியில் சொன்னேன். அவள் நகராட்சியில் சுகாதார ஆய்வாளர், சாக்கடையோடு இருபது வருஷப் பழக்கம். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் சாக்கடைக் குழாய்க்குள் விடுகிறேன் என்று கேட்டாள். ஒரு சொட்டுகூட இல்லை என்றேன், பெருமையாகத்தான். குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் கீரைத் தட்டுக்குப் போகிறது. கரிசல்காட்டில் குடத்தோடு வரிசையில் நின்றவனுக்குத் தண்ணீரைச் சாக்கடையில் விட மனம் வருமா? அவள் சொன்னது அப்படியே:

"அதாங்க வினையே. குழாய்க்கு அடியில வளைவு இருக்குல்ல, அதுல நிக்கிற தண்ணிதான் மூடி. அது காஞ்சா வாயு பூரா வீட்டுக்குள்ளதான் வரும். ஒவ்வொரு குழாய் வாய்லயும் ஒரு சொம்பு ஊத்துங்க."

நாள் 164. மதியம் 12.40
சமையலறை, குளியலறை, கழிப்பறை, என் அறை. ஊற்றிவிட்டேன். வாடை குறையவில்லை. மற்ற மூவரின் அறையிலும் முகம் கழுவும் தொட்டி உண்டு. இருபத்தாறு நாளாக யாரும் குழாயைத் திறக்கவில்லை, மூன்றும் காய்ந்திருக்கும். கதவுகள் அவரவர் கைரேகைக்கு மட்டுமே திறக்கும். பூமியிலிருந்தும் திறக்க முடியாதாம். கடப்பாரையால் நெம்பினேன். கடப்பாரைதான் வளைந்தது. கதவிடுக்கில் ஈரத்துண்டு திணித்திருக்கிறேன்.

ஒரு சொம்புத் தண்ணீர் கையில் இருக்கிறது. ஊற்ற வழியில்லை.

நாள் 165. காலை 9.15
கண் எரிகிறது. இரண்டு முறை வாந்தி. காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இந்த வாயுவைப் பிடிக்காது. வாயுமானி இருந்தது. நான் கடுகு தாளித்தாலே அது ஊரைக் கூட்டும் என்று அதன் உருகியை, அதாவது ஃபியூஸைப் பிடுங்கி அடுப்புக்குப் போட்டேன். போன மாதம் அந்த ஒரே உருகியும் எரிந்துபோனது. எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

மூவரும் கிளம்பிவிட்டார்கள். எவ்வளவு விரட்டினாலும் மூன்று நாள். வெளி உடுப்பில் எட்டு மணி நேரக் காற்றுதான் இருக்கிறது. எந்த எட்டு மணி நேரத்துக்கு அதைப் போடுவது? பயமாக இருக்கிறது.

நாள் 165. பகல் 2.20
நாற்றம் இல்லை. சுத்தமாக இல்லை. துண்டு வேலை செய்துவிட்டது! சுந்தரவல்லியைக் கூப்பிட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சொன்னது:

"ஏங்க, சந்தோசப்படாதீங்க. அளவு கூடுனா மொதல்ல மூக்குதான் சாகும். குழிக்குள்ள எறங்குன எங்க ஆளுங்க கடைசியா மேல பாத்து இதையேதான் சொன்னாங்க. உடுப்ப மாட்டுங்க. இப்பவே."

நாள் 165. பகல் 2.50
உடுப்பு தோள் வரை ஏறிவிட்டது. விரல் சொன்ன பேச்சு கேட்கவில்லை. கழுத்துப் பூட்டு விழவில்லை. மூன்று முறை பார்த்தேன். வல்லி பேசிக்கொண்டே இருக்கிறாள். என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. குரல் மட்டும் போதும்.

165. 3
உள்ளே வருபவர்களுக்கு. தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். தப்பித்தவறிக் கழற்றிவிட்டால், நாறினால் ஓடிவிடுங்கள். நாறாவிட்டால்