கிளியின் இருமல்

அன்புள்ள அம்மணிக்கு,

போனை எடுக்காமல் கடிதம் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. நம் காக்கடீல் கிளி இருமிக்கொண்டே இருந்ததால், பயந்துபோய்த் துடியலூர் கால்நடை டாக்டரம்மாவிடம் காட்டினேன். மூக்கு, மூச்சு, எச்சம் எல்லாம் பார்த்தார்.

“கிளிக்குச் சீக்கு ஒண்ணுமில்லீங்க. அடிக்கடி கேக்கற சத்தத்தை அப்படியே சொல்லுது. ஊட்டுல ஆருங்க இருமறது?”

“டிவியில வர்றதுங்க” என்றேன்.

உங்கம்மா குரலில் “ஏனுங்க” என்று என்னைக் கூப்பிடுமே, அவள் காலமான பிறகும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. இப்போது அதைச் சொல்வதில்லை, இருமல் மட்டும்தான். அந்தக் குரல் திரும்பி வர மருந்து உண்டா என்று டாக்டரிடம் கேட்க வாய் திறந்தேன். எனக்கு இருமல் வந்துவிட்டது.

கிளி நன்றாக இருக்கிறது. நீ லீவு போட்டு வர வேண்டாம்.

உன் அப்பா