ஷாக் அடிக்கும் வாஷிங் மெஷின்

ஜூன் 14, 2008, சனி. மயூர் விஹார், டெல்லி.

கை இன்னும் விறுவிறுக்கிறது. இன்டர்நெட்டில் விளம்பரம் பார்த்து, போன வாரம் லோதி ரோட்டில் ஒரு தமிழ் அம்மாவிடம் வாங்கிய பழைய வாஷிங் மெஷின் இன்று காலை ஷாக் அடித்தது. உடனே அவளுக்கு ஃபோன் செய்தேன்.

"வெறுங்காலோட தொட்டா அப்படித்தாம்மா. நாங்க செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் தொடுவோம்" என்றாள், சாதாரணமாக.

தெரிந்தே விற்றிருக்கிறாள்! "நம்ம ஊர்க்காரங்கள ஏமாத்துவேனா?" என்று காபி கொடுத்துக் கேட்ட அதே வாய்.

அதைவிட ஆத்திரம் என் வீட்டுக்காரர்மேல். சாயங்காலமே "நல்ல கண்டிஷன்" என்று அதே இன்டர்நெட்டில் அதை விற்க விளம்பரம் போட்டுவிட்டார். எட்டு மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். பின்னால் குழந்தை அழும் சத்தம். இவர் பேசப் பேசவே ஃபோனைப் பிடுங்கி, வாங்காதீர்கள், ஷாக் அடிக்கிறது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டேன்.

"பைத்தியமா உனக்கு? இத வேற எப்படித் தொலைக்கிறது?" என்று கத்தினார்.

"அந்தக் குழந்தை தொட்டா?"

சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். படுக்கட்டும். பிளக்கைக் கழற்றி, மெஷின் வயரை அடியோடு வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். இனி யாரிடம் விற்கிறார், பார்க்கிறேன்.