பேருக்குப் பின்னால் இருந்த பி.ஏ.

திருக்கழுக்குன்றம்,
9-11-2025, ஞாயிறு

அன்பு மகள் அன்பரசிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் திருநெல்வேலியில் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டாவது வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடுதாசி எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் சொல்லத்தான் நாலு நாளாகப் பார்த்தேன், நீ ஹலோ அப்பா என்றதும் மழை பெய்யுதா, பாடம் எப்படிப் போகுது என்று என் வாய் வேறெங்கோ போய்விடுகிறது. மழை விட்டு விட்டுப் பெய்கிறது. ஊரப்பாக்கத்தில் எங்கள் பார்சல் ஆபீஸ் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர், பில் புத்தகங்களை எல்லாம் மேல் தட்டில் ஏற்றிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டு எல்லம்மாள் அக்காவின் மாடு தேறிவிட்டது, நீ போனில் சொன்ன மாதிரியே வீங்கின மடியில் இருந்த பாலை முழுசாகக் கறந்து கொட்டிவிட்டு அன்றைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனதால் பிழைத்தது என்று டாக்டர் சொன்னாராம். அந்த அக்கா தெரு முழுக்க டாக்டரம்மா டாக்டரம்மா என்று உன் பேரைச் சொல்லிக்கொண்டு திரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை நீ அம்மாவோடு பேசும்போது அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நான் பக்கத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், அது உனக்குத் தெரியாது. உன் ரூமில் இருக்கிற பெண்ணுக்கு முதல் பட்டதாரி சலுகை இருப்பதால் ட்யூஷன் ஃபீஸே கட்ட வேண்டியதில்லை, அவள் பேரில் பேங்க் கடனும் இல்லை என்று சொன்னாய். அதற்கப்புறம் சிரித்துக்கொண்டே, இன்னாம்மா பண்றது, எங்கப்பா பி.ஏ. படிச்சிட்டாரு, படிச்சவருக்குப் பொறந்ததுக்கு நான் கட்ற ஃபீஸும்மா இது, சந்தோஷமாத்தான் கட்டுறேன் என்றாய். என் கை அப்படியே நின்றுவிட்டது. காலர் கருகி வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினேன். நீ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பெருமையாகச் சொன்னாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை. பாப்பா, நான் பி.ஏ. இல்லை.

செங்கல்பட்டு காலேஜுக்கு மூன்று வருஷம் பஸ் பாஸ் வைத்துக்கொண்டு போய் வந்தது நிஜம், வரலாறு படித்ததும் நிஜம். இரண்டு பேப்பர் போய்விட்டது. அரியர் எழுத ஒரு தடவை பணம் கட்டி எழுதி அதுவும் போனது. அதற்குள் பார்சல் ஆபீஸில் வேலை கிடைத்தது, கல்யாணமும் வந்தது. பெண் வீட்டில் படித்த மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பத்திரிகை அடிக்கப் போன இடத்தில் சின்னையன் பெரியப்பா என் பேருக்குப் பின்னால் பி.ஏ. போடச் சொன்னார். இன்னா பெரியப்பா இது என்று கேட்டேன். மூணு வருசம் போய்கினு வந்துகினு இருந்தியே, அது காலேஜா சினிமா கொட்டாயா, பத்திரிகைய எவன்டா சர்டிபிகேட் கேட்டுப் படிக்கிறான் என்றார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் மேல் பழி போட மாட்டேன். அச்சாகி வந்ததும் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தவன் நான்தான். கல்யாணத்துக்கு அப்புறம் யாருக்கும் தெரியாமல் இன்னொரு தடவை பணம் கட்டினேன், எப்படியாவது நிஜமாக்கிவிடலாம் என்று. பரீட்சை ஹால் வாசல் வரைக்கும் போய், இதிலும் ஃபெயிலானால் என்ன செய்வது என்று பயந்து திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு எழுத்து என்னை விடவில்லை, நானும் அதை விடவில்லை. உன் காதுகுத்துப் பத்திரிகையில் போட்டேன், மஞ்சள் நீராட்டு பேனரில் போட்டேன், வீடு கட்டியபோது வாசல் கல்லில் வெட்டி வைத்தேன். ஊரில் நம்ம வீட்டுக்கே பி.ஏ. வூடு என்று பேராகிப்போனது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் விண்ணப்பம் எழுத ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள், உனக்குத் தெரியும், நீதான் நாற்காலி எடுத்துப் போடுவாய். வீட்டில் ஒருத்தரும் டிகிரி வாங்காமல் முதல் ஆளாகப் படிக்கப் போகிற பிள்ளைக்கு அரசாங்கம் கொடுக்கிற அந்தச் சலுகைக்கு இந்த ஊரில் பதினாலு பிள்ளைகளுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம்ம தெரு பெஞ்சமினோட பையன் ஆல்வினுக்கு எழுதிய அதே மாதம்தான் உன் கால்நடை மருத்துவப் படிப்புக்கும் விண்ணப்பம் போட்டோம். கம்ப்யூட்டர் சென்டரில் முதல் பட்டதாரியா என்று கேட்ட கட்டத்தில் இல்லை என்று போடச் சொன்னது நான். நமக்கு அது கிடையாதாப்பா என்று நீ கேட்டாய். அதெல்லாம் படிக்காத வூட்டுப் புள்ளைங்களுக்கு என்று சொன்னேன். அந்தச் சென்டர்க்காரப் பையன் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அப்புறம் பேங்கில் பத்து இடத்தில் உன்னைக் கையெழுத்துப் போட வைத்தேன். வட்டி இன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும் சார் என்று மேனேஜர் சொன்னபோது, தெரியும் தெரியும், நானும் படிச்சவன்தான் என்றேன். கடன் வாங்கிப் படிக்க வைப்பதில் எனக்கு வெட்கம் இல்லை, இந்தக் காலத்தில் கடன் இல்லாமல் யார் பிள்ளை படிக்கிறது. வாங்க வேண்டாத கடனை என் ஜம்பத்துக்காக உன் தலையில் ஏற்றினேனே, அதை நினைத்தால் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் பண்ணக்கூட கூசுகிறது.

செவ்வாய்க்கிழமையே அம்மாவிடம் சொன்னேன். அவள் கருகின சட்டையை மடித்துக்கொண்டே, எனக்குத் தெரியும், கல்யாணமான மறு வருசமே உங்க பேண்ட் பாக்கெட்டுல அரியர் கட்டின ரசீது இருந்திச்சி, தொவைக்கறப்போ பாத்தேன், நீங்களா சொல்வீங்கன்னு பாத்துகினே இருந்தேன் என்றாள். ஆனால் அந்த ஃபார்முல இருந்த கட்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் கீதுன்னு எனக்கு யாரும் சொல்லலியே என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்டு வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போனேன். அந்த காயத்ரி மேடம் என்னைப் பார்த்ததும் வாங்க சார், இன்னைக்கு யார் பிள்ளைக்கு என்று கேட்டார். என் பொண்ணுக்கு என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது, அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே காகிதத்தை வாங்கிக்கொண்டார். பின்னால் வரிசையில் நம்ம ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நம்ம தெருவிலேயே இரண்டு பேர் வந்து, இந்த வீட்டில் பட்டம் வாங்கியவர் ஒருத்தரும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்.

எல்லம்மாள் அக்காவைக் கேட்டேன். டாக்டரம்மாவுக்குன்னா பத்து கையெழுத்து போடுவேன், உனக்குன்னா ஒண்ணு போடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போட்டது. பெஞ்சமின் கல்பாக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே பிடித்தேன். எல்லாம் கேட்டுவிட்டு என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, அண்ணாத்த, எம்புள்ளைக்கு எழுதறப்போ உம்பொண்ணு ஞாபகம் வர்லியா என்று மட்டும் கேட்டார். வந்தது பாப்பா. வந்தது, அதனால்தான் அன்றைக்குக் கையெழுத்து கோணலாகிப்போய் இன்னொரு தாளில் எழுதினேன்.

சான்றிதழ் இரண்டு வாரத்தில் வரும் என்கிறார்கள். உன் காலேஜ் ஆபீஸுக்குப் போன் செய்தேன், கட்டிய மூன்று வருஷம் போனதுதான், மீதி வருஷத்துக்கு முடியுமா என்று கடிதம் கொடுத்தால் மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கிடைக்கும் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், என் வாக்கின் லட்சணம்தான் தெரிந்துவிட்டதே. உன் விண்ணப்பத்தில் அந்தப் பொய்க்குக் கீழே உன் கையெழுத்துதான் இருக்கிறது, அதனால் உன்னைக் கேள்வி கேட்கலாம். அதற்காக, நான் சொல்லித்தான் அப்படிப் போட்டது, மகளுக்கு ஒன்றும் தெரியாது என்று பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்தால் உன் அப்பா யார் என்று அங்கேயும் தெரிந்துவிடும். உனக்குக் கூச்சமாக இருந்தால் சொல்லு, லீவு போட்டு ரயிலேறி வந்து நானே கொடுக்கிறேன், நீ பக்கத்தில்கூட நிற்க வேண்டாம். அப்புறம், பழைய மாணவர்கள் டிரஸ்ட் கொடுக்கிற உதவித்தொகை என்று சொன்னாயே, கேட்க வெட்கமாக இருக்கிறது என்று சும்மா இருக்காதே, கேட்டு வாங்கு. வெட்கப்பட வேண்டிய இடத்தில் வெட்கப்படாமல், வேண்டாத இடத்தில் வெட்கப்பட்டு நான் கெட்டது போதும். அதில் தந்தை படிப்பு என்று கேட்டால் பிளஸ் டூ என்று எழுது. வாங்கிய கடனின் வட்டியை இந்த மாதத்திலிருந்து நான் பேங்கில் கட்டுகிறேன், ரசீதை அம்மா உனக்குப் படம் எடுத்து அனுப்புவாள், என் பேச்சை நம்ப வேண்டாம்.

வாசல் கல்லில் இருக்கிற எழுத்தை எடுக்க மிஷின் கொண்டு வர வேண்டுமாம், மழை விடட்டும் என்கிறான் கொத்தனார். அதுவரைக்கும் அம்மா அதற்கு மேலே சுவரில் ஆணி அடித்து பால் பாக்கெட் பையை மாட்டி வைத்திருக்கிறாள். போகிற வருகிற ஆட்கள் பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். பணம் போனதைவிட இன்னொன்று மனசை அறுக்கிறது. இந்த வீட்டில் முதல் பட்டதாரி நீ. எங்கள் பரம்பரையிலேயே நீதான் முதல். மூன்று வருஷமாக அந்தப் பேரை உன்னிடமிருந்து எடுத்து நான் போட்டுக்கொண்டு திரிந்தேன், மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. கோபம் இருந்தால் பேசாமல் இரு, எத்தனை நாள் வேண்டுமானாலும். அம்மாவோடு மட்டும் பேசு, நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன், இந்தத் தடவை நான் இருக்கிறேன் என்று தெரிந்தே பேசு.

திருக்கழுக்குன்றத்து ஈஸ்வரன் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல கைராசியும் கொடுக்கட்டும், நீ தொட்ட ஜீவன் எல்லாம் பிழைக்கட்டும். ரப்பர் பூட்ஸ் கிழிந்துவிட்டது என்றாயே, அதைத் தள்ளிப்போடாமல் வாங்கிவிடு, சேற்றுப்புண் வரும். கூட வைத்திருக்கிற கடிதம் நனையாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
உன் அப்பா
க. சடையப்பன், பிளஸ் டூ