இழுத்துக் கட்டிய செயின்

18 அக்டோபர் 2015
எவரும் நம்பப்போகாத ஒரு வரலாற்றை இந்த டைரியில் பொறிக்கப்போகிறேன் என்று நெய்வேலியின் புகைபோக்கிகள் அத்தனையும் சாட்சியாக உறுதி கூறுகிறேன். ரோட்டு பைக்குகளின் சக்கரவர்த்தியாக இருந்த நான் அட்வென்சர் பைக்குக்கு மாறிவிட்டேன். யானை உயரம். ஏறி உட்கார்ந்தால் பண்ருட்டி தெரிகிறது. கால் மட்டும் தரைக்கு எட்டவில்லை. குவார்ட்டர்ஸ் வாசலிலேயே சாய்ந்தேன். "கூடவே ஒரு ஏணி குடுக்கலியா?" என்றாள் தனம். மனைவி என்பதால் மன்னித்தேன்.

25 அக்டோபர்
செயின் தொங்குகிறது. அரை முழம்! மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டை இழுத்துக் கட்டியே தலை நரைத்தவன் நான். என் வாசலில் ஒரு செயின் தொங்குவதா? வீணைத் தந்தி போல முறுக்கிவிட்டேன். சுண்டினால் சுருதி கேட்கிறது.

1 நவம்பர்
பள்ளத்தில் இறங்கினால் பின்னால் 'கடக்' என்கிறது. மெக்கானிக் சமியுல்லாவிடம் காட்டினேன். இந்த வண்டியில் பின்சக்கரம் ஒரு சாண் ஏறி இறங்குமாம். ஏறும்போது செயின் இன்னும் இறுகுமாம். அதற்குத்தான் தொய்வாம். "இது பெல்ட்டு இல்லீங்கண்ணே. இப்பிடியே பள்ளத்துல வுட்டுகினு இருந்தீங்கன்னா அறுந்துடும்."
யாரிடம் சொல்கிறான்! தளர்த்த விடாமல் வண்டியை எடுத்துவந்துவிட்டேன்.

9 நவம்பர்
மழை. வானத்தை எவனோ தலைகீழாகக் கவிழ்த்துவிட்டான்.

10 நவம்பர்
தீபாவளி. ஒரு வெடிச் சத்தம் இல்லை. குள்ளஞ்சாவடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கை தமயந்தி வீட்டிலிருந்து போன். அவள் மகள் எழில்மதி.
"மாமா, அம்மாவோட சக்கர வியாதி ஊசி மருந்து நாளைக்குக் காலையிலயோட சரி. வூட்டச் சுத்தித் தண்ணி. பஸ்சு ஒண்ணும் ஓடல."
அதற்குள் லைன் போய்விட்டது. மருந்து வாங்கிவிட்டேன். கொண்டுபோவது? ரோட்டில் பாதி இல்லையாம், மீதி பள்ளமாம். கார் போகாது. என் வண்டி போகும். போகுமா? அந்தச் செயின் — நடுவுல அறுந்துட்டா? நான் கால் எட்டாம தண்ணில. அவ அங்க...

11 நவம்பர், காலை
பிளாஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர், அதற்குள் உறையில் மருந்து. மழை விடவில்லை. ஸ்பேனர் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வண்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தனம் கிண்டல் பண்ணவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

12 நவம்பர்
மருந்து சேர்ந்தது. உடம்பில் வலிக்காத இடம் மூக்கு மட்டும்.

15 நவம்பர்
கேன்டீனில் என் திக்விஜயத்தை எடுத்துரைத்தேன். தென்னை மர உயரத்துக்கு வெள்ளம். முதலை ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. அறுந்த ரோட்டை வண்டியோடு பறந்து கடந்தேன். கிளம்புமுன் என் பொற்கரங்களால் செயினைத் தளர்த்தி அருளினேன்.
எங்கள் பெல்ட் செக்‌ஷன் தங்கராசு டீயை வைத்துவிட்டான். "முதலையக்கூட நம்பிடறேன்ண்ணே. நீ ஒண்ணத் தளர்த்துனேன்னு சொல்ற பாரு, அத மட்டும் நம்ப மாட்டேன்."
தமயந்தியிடம் போனில் சொன்னேன். "அண்ணே, முதல பலகாரம் கேக்கலியா?" என்று இருமல் வருமளவுக்குச் சிரித்தாள். சிரிக்கட்டும். நன்றாகச் சிரிக்கட்டும்.
முதலை பொய். வெள்ளம் முழங்கால் அளவு. பறக்கவில்லை, விழுந்தேன், வழியில் யார் யாரோ தூக்கி நிறுத்தினார்கள்.
செயினைத் தளர்த்தியது மட்டும் நிஜம். இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நான் பார்க்காதது போலப் போய்வருகிறேன்.